வீட்டுக்கு எதிரே தொடங்குங்கள்: தாழ்மையோடும் முழுமனதோடும் ஆண்டவருக்குப் பணிசெய்ய ஒரு வழிகாட்டி

பைபிளில் நெகேமியா 3ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகத் தாண்டிவிடுவோம். எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, யார் எந்த இடத்தில் கட்டினார்கள் என்ற பெயர்ப் பட்டியல்தான் அது. பிரசங்கத்துக்கு எடுக்கிறவர்களும் குறைவு. ஆனால் ஊழியம் செய்ய விரும்புகிற ஒருவர் முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி அதுதான் என்பேன்.

பிரதான ஆசாரியன் ஆட்டுவாசலைக் கட்டுகிறார். தட்டார் ஒரு பக்கம், தைலக்காரர் ஒரு பக்கம். சல்லூம் தன் மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டுகிறார். மல்கியா ஒரு மாகாணத்துக்கே பிரபு. அவர் பங்குக்குக் கிடைத்தது குப்பைமேட்டு வாசல். கட்டிமுடித்து, கதவும் பூட்டும் தாழ்ப்பாளும் போட்டுவிட்டுத்தான் போகிறார். தெக்கோவா ஊரின் பெரிய மனிதர்களோ 'ஆண்டவருடைய வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை'. அதே ஊரின் சாதாரண ஜனங்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு, இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டுகிறார்கள். பலர் கட்டியது தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே. 52 நாளில் அலங்கம் முடிந்தது.

இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. வீட்டில் தொடங்கி, வேலையிடம் போய், அதற்கு அப்புறம்தான் கோயில்.

முதல் படி: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

'எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்ற கொலோசெயர் வசனம் நம் வீட்டு காலண்டர்களில் அடிக்கடி வரும். அப்போஸ்தலன் பவுல் அதை எழுதியது பாடகர் குழுவுக்கோ போதகர்களுக்கோ அல்ல. அதற்குச் சற்று முன்னால் பாருங்கள், 'வேலைக்காரரே' என்று கூப்பிடுகிறார். அன்றைய அடிமைகள். இன்னொருவர் வீட்டில் தண்ணீர் சுமந்து, பாத்திரம் கழுவி, நன்றி என்ற வார்த்தையே கேட்காதவர்கள். அவர்களைப் பார்த்துத்தான், நீங்கள் சேவிப்பது கர்த்தராகிய கிறிஸ்துவை என்று சொல்கிறார். ஆகவே அந்த வசனம் பிரசங்க பீடத்துக்குப் போவதற்கு முன்பே அடுப்படிக்குப் போய்விடுகிறது.

நீங்கள் தினமும் முணுமுணுத்துக்கொண்டே செய்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று போதும். காலையில் டிபன் பாக்ஸ் கட்டுவதாக இருக்கலாம், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதாக இருக்கலாம். தொடங்கும்முன் 'ஆண்டவரே, இது உமக்கு' என்று ஒரு வரி ஜெபம். ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். மனம் பொங்கி வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பல நாள் வராது. யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அரைகுறையாக விடாமல் செய்தால், அதுவும் முழுமனதுதான்.

இரண்டாம் படி: வீட்டை முடித்துவிட்டு வாருங்கள்

மாற்கு 7இல் இயேசு 'கொர்பான்' வழக்கத்தைச் சாடுகிறார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை, 'அது தேவனுக்கென்று காணிக்கையாகிவிட்டது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம். இன்று அந்தப் பெயரில் யாரும் செய்வதில்லை, வேறு பெயரில் செய்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் கூட்டம், உபவாச ஜெபம், கமிட்டி. வீட்டில் அப்பாவின் கண் ஆபரேஷன் மூன்று மாதமாகத் தள்ளிப்போகிறது. கோயிலில் துடைப்பம் பிடிக்கிற சில ஆண்களின் கை, வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவியதில்லை. இதை எழுதுவதால் சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

சபையில் எந்தப் பொறுப்பையும் ஏற்பதற்கு முன்னால் மனைவியிடமோ கணவரிடமோ கேளுங்கள்: 'இதை நான் எடுத்தால் வீட்டில் யார் தலையில் என்ன வேலை கூடும்?' பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். கூடுகிற வேலையை யார் செய்வது என்று முடிவாகாமல், ஐயரவர்களிடம் (சபைப் போதகரிடம்) போய்ச் 'சரிங்க ஐயா' என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வயதானவர்களுக்கு நோய், கைக்குழந்தை என்று இருக்கிற வருடங்களில் உங்கள் ஊழியம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அது குறைந்த ஊழியம் இல்லை.

மூன்றாம் படி: சம்பளம் வாங்குகிற வேலை

யோர்தான் கரையில் மனந்திரும்பி வந்தவர்கள், 'நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று யோவான்ஸ்நானனிடம் கேட்டார்கள். வரி வசூலிக்கிறவர்களிடம், கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரிடம், மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளமே போதும் என்று இருங்கள் என்றார். வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வாருங்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதனால் கடை வைத்திருந்தால் தராசைப் பாருங்கள். ஆசிரியர் என்றால், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் நோட்டையும் திருத்துங்கள். ஆபீஸ் என்றால், 'நாளைக்கு வாங்க' என்று சொல்லி முதியவர் ஒருவரை வெயிலில் திருப்பி அனுப்பாதீர்கள். வேலை நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் வசனம் அனுப்பிக்கொண்டிருப்பது ஊழியம் ஆகாது, முதலாளியின் நேரத்தைத் திருடுவதுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குறிக்கோள் வாசகம், ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்யவே மனுஷகுமாரன் வந்தார் என்ற வசனத்திலிருந்து வந்தது. 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் அது. கட்டில் ஒன்றாக இருந்தபோதும் வேலை அதே வேலைதான்.

நான்காம் படி: சபையில் ஆள் இல்லாத வேலையைக் கேளுங்கள்

பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து நீட்டுகிறோம். 'நான் நல்லா பாடுவேன்', 'நான் ஸ்லைடு போடுவேன்'. திறமையைக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனாலும் முதல் வருடத்தில் கேள்வியை மாற்றிப் பாருங்கள். ஐயரவர்களிடமோ சபை ஊழியரிடமோ போய், 'எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவே மாட்டேங்குது?' என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே ஒரு பட்டியலைத் தருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைப் பராமரிக்கிற கோயில்பிள்ளையோடு சேர்ந்து பெஞ்ச் துடைப்பது. நற்கருணைப் பாத்திரங்களைக் கழுவிக் காயவைப்பது. ஞாயிறு பள்ளியில் அடங்காத மூன்று வயதுக் கூட்டம். ஆராதனைக்கு வரமுடியாத பாட்டிகளை ஆட்டோவில் கூட்டி வருவது. கழிப்பறை.

அதில் ஒன்றை எடுங்கள். எடுக்கும்போதே, ஆறு மாதம் என்று காலம் சொல்லிவிடுங்கள். 'கர்த்தர் எவ்வளவு நாள் நடத்துகிறாரோ அவ்வளவு நாள்' என்று சொல்லிச் சேருகிறவர்கள் மூன்றாம் வாரமே காணாமல் போவது நம் சபைகளில் புதிதல்ல. காலம் சொன்னால் உங்களுக்கும் பிடிமானம், அவர்களுக்கும் நிம்மதி.

அப்புறம், முதல் இரண்டு மாதம் எதையும் திருத்தாதீர்கள். உங்களைவிட இருபது வயது இளையவர் 'அண்ணாச்சி, டம்ளரை இப்படிக் கவிழ்த்து வைங்க' என்றால் அப்படியே வையுங்கள். உங்கள் வழி நல்ல வழியாகவே இருக்கலாம். தாழ்மை உண்மையில் சோதிக்கப்படுவது இந்த மாதிரி அற்ப இடங்களில்தான். 'நான் ஒரு புழு, நான் ஒன்றுமில்லை' என்று சாட்சி சொல்வது சுலபம். டம்ளரை எப்படிக் கவிழ்ப்பது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்பது கஷ்டம்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் எல்லோருக்கும் விருந்து போடுகிற அசனப் பண்டிகைகளைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் யார் பேசினார் என்பது அடுத்த வருடம் யாருக்கும் நினைவிருக்காது. ராத்திரி முழுவதும் வெங்காயம் உரித்தவர்கள், அண்டாவுக்குப் பக்கத்தில் புகையில் நின்று சோறு வடித்தவர்கள், கடைசிப் பந்தி எழுந்த பிறகு எச்சில் இலை எடுத்தவர்கள், இவர்களில் ஒருவராக ஒரு வருடம் இருந்து பாருங்கள். பந்தி விசாரிப்பதற்கு அப்போஸ்தலர் 6இல் கேட்கப்பட்ட தகுதியையும் கவனியுங்கள்: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். சோறு பரிமாறத்தானே என்று யாரையோ நிறுத்திவிடவில்லை. அந்த முதல் சபையில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்பதுதான் புகார். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நம் கமிட்டிகளில் இது நடக்குமா?

ஐந்தாம் படி: நோயாளியைப் பார்க்கப் போவது

சபையில் யாரும் சரியாகச் சொல்லித்தராத ஊழியம் இது. போகிறவர்கள் நிறைய, சரியாகப் போகிறவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ஐந்தாறு பேராகப் போகாதீர்கள், இரண்டு பேர் போதும். கூட்டமாகப் போனால் அந்த வீட்டு அம்மா உங்களுக்குக் காப்பி போடுவதில் களைத்துவிடுவார். கைகால் கழுவிவிட்டு உள்ளே போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் அவர் கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். பைபிளில், துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் வேதனை கூடியது. ஏன் இந்த வியாதி வந்தது, எந்தப் பாவம், எந்தச் சாபம் என்ற பேச்சே வேண்டாம். இதே வியாதியில் இறந்துபோன உங்கள் சித்தப்பாவின் கதையும் வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் விசுவாசம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.

பைபிளிலிருந்து சின்னதாக ஒரு பகுதி போதும். 23ஆம் சங்கீதம், அல்லது 121. மெதுவான குரலில் இரண்டு நிமிட ஜெபம். ஆஸ்பத்திரி என்றால் பக்கத்துப் படுக்கைக்காரருக்காகவும் ஒரு வார்த்தை சேர்க்கலாம், அவரிடம் கேட்டுவிட்டு. மொத்தம் இருபது நிமிடம்.

உண்மையான ஊழியம் பல சமயம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரைத் தனியே கூப்பிட்டு, 'நான் ஒரு மணி நேரம் இங்கே இருக்கேன், நீங்க குளிச்சிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து வாங்க' என்று சொல்லுங்கள். 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க' என்பது நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் அதைக் கேட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. 'வியாழக்கிழமை ராத்திரி சாப்பாடு நான் கொண்டுவரேன், காரம் வேண்டாம்தானே?' என்று கேட்டால் பதில் வரும்.

வெளியே வந்ததும் போட்டோ எடுக்காதீர்கள். நோயின் விவரத்தை 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் குரூப்பில் போடாதீர்கள். பெயரைச் சொல்லி, 'சுகத்துக்காக ஜெபியுங்கள்' என்பதற்குக்கூட அந்தக் குடும்பத்தின் அனுமதி வேண்டும்.

நீங்களே படுக்கையில் இருக்கிறீர்களா? டோனாவூரில் பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேதான் இருந்தார். அங்கிருந்தபடியே எழுதினார், வந்தவர்களிடம் பேசினார், ஜெபித்தார். போனில் நான்கு பேரை விசாரிக்கிற பாட்டி ஒருவர் சபைக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது, அந்தப் போன் வருவது நின்ற பிறகுதான் பலருக்கும் உறைக்கும்.

ஆறாம் படி: பணம்

'உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது' என்ற வசனத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தால், தலைக்கு மேல் ஃபேன் இறக்கையில் 'உபயம்' என்று குடும்பப் பெயர் சுற்றிக்கொண்டிருக்கும். டியூப்லைட்டில் எழுதி வெளிச்சத்தையே மறைத்தவர்களும் உண்டு. ஏமி கார்மைக்கேல் தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

தொடங்க நல்ல வழி கைப்பிடி அரிசி. சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. நம் பாட்டிகள் செய்தது. மிசோரமில் இதைப் 'பூஃபாய் தாம்' என்கிறார்கள்; நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சபைப் பணிகளைத் தாங்கும் பெரிய தூண்களில் ஒன்று அது. பணக்காரரும் ஏழையும் கொடுப்பது ஒரே ஒரு பிடி என்பதுதான் அதன் அழகு. அரிசி வேண்டாம் என்றால் மாத வருமானத்தில் ஒரு பங்கைச் சம்பள நாளிலேயே எடுத்து வையுங்கள். மிச்சத்தில் கொடுக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.

தனி மனிதருக்கு உதவும்போது, முடிந்தவரை அவர் உங்களைப் பார்த்ததும் கூச்சப்படாத வழியில் கொடுங்கள். பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டிவிடலாம். மளிகைக்கடைக் கணக்கை அடைத்துவிடலாம்.

பொதுப்பணத்தைக் கையாண்டால் மட்டும் ரகசியம் கூடாது. எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை திரட்டியபோது, பவுல் தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்து அனுப்பினார், யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று. இரண்டு பேராக எண்ணுங்கள், எழுதுங்கள், ரசீது வாங்குங்கள். 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கேட்பவரிடம் பெட்டிச் சாவி இருக்கக் கூடாது.

ஏழாம் படி: யாரோடு உட்காருகிறீர்கள்?

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது. சாதி பார்த்துப் பெண் எடுத்துக்கொண்டு, சாதிக்கொரு கல்லறை மூலை வைத்துக்கொண்டு, பெரிய வியாழன் அன்று, இயேசு சீஷர்களுக்குச் செய்ததுபோல, கால் கழுவுவதில் பெரிய அர்த்தம் இல்லை. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே.ச. அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேற்கத்திய மிஷனரிகளுக்கு முன் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சரீரங்களையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்று அது வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னது. இன்று சேரிக்கு கிறிஸ்துமஸ் கேக்கும் போர்வையும் கொண்டுபோகிற நம் சங்கங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கொடுத்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் தருகிற டீயைக் குடியுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வையுங்கள், முதல் பந்தியில் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

எட்டாம் படி: மனம் நோகும்போது

சபை ஆண்டு விழா நன்றியுரையில் உங்கள் பெயர் விட்டுப்போகும். கட்டாயம் ஒருநாள் விட்டுப்போகும். அன்று ராத்திரி தூக்கம் வராது. லூக்கா 17இல் இயேசு சொன்ன ஊழியக்காரன், வயலில் உழுதுவிட்டு வந்தும் எஜமானுக்குப் பரிமாறிவிட்டு, 'செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்' என்கிறான். அதை வாசித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் துடைப்பத்தை எடுங்கள். கோபம் ஆறியிருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. துடைப்பது நிற்காமல் இருந்தால் போதும்.

ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது எல்லா இடத்திலும் தாழ்மை ஆகாது. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் போக மறுத்தார். 'நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும்' என்றார். காணிக்கையில் கை வைக்கிறார்கள், பெண்களிடமோ குழந்தைகளிடமோ தவறாக நடக்கிறார்கள் என்றால் 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைப் பேசக் கூடாது' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். குழந்தை விஷயம் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள், போலீசிடம் போங்கள். உங்கள் பெயர் விட்டுப்போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்ட இன்னொருவருக்காக நீங்கள் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஒன்பதாம் படி: வாங்கிக்கொள்ளவும் விட்டுக்கொடுக்கவும்

கால் கழுவ வந்த ஆண்டவரிடம் பேதுரு, 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்றார். பணிவு மாதிரித்தான் தெரிகிறது. ஊழியத்தில் ஊறியவர்களுக்கு இந்த நோய் வரும்: எல்லோருக்கும் செய்வார்கள், யாரும் தங்களுக்குச் செய்ய விடமாட்டார்கள். காய்ச்சல் என்றால் யாராவது கஞ்சி கொண்டுவரட்டும், வாங்கிக் குடியுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே 'போதும் கர்த்தாவே' என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். வாரத்தில் ஒருநாள் எந்தக் கூட்டமும் இல்லாத நாளாக இருக்கட்டும்.

சகோதரி மரியாள் தனக்கு உதவவில்லை என்று இயேசுவிடம் முறையிட்ட மார்த்தாளைத் திட்டுவதற்கு முன் யோவான் 12ஐயும் பாருங்கள். பெத்தானியாவில் மறுபடி ஒரு விருந்து. அங்கேயும் மார்த்தாள்தான் பணிவிடை செய்கிறாள். வேலை மாறவில்லை, அந்த இடத்தில் அவள் மரியாளைப் பற்றி முறையிட்டதாக மட்டும் எழுதப்படவில்லை.

சொன்ன ஆறு மாதம் முடிந்ததா? தொடரலாமா என்று ஐயரவர்களிடம் கேளுங்கள். வேறு ஆள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது சாவியோடு ஒரு தாளும் கொடுங்கள்: துடைக்கிற துணி எங்கே இருக்கிறது, எந்தக் குழாய் ஒழுகும், எந்தப் பாட்டிக்கு ஆட்டோ எத்தனை மணிக்குப் போகவேண்டும், ஆட்டோக்காரர் நம்பர். இரண்டு வாரம் கூட இருந்து காட்டிக்கொடுங்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள். புதிதாக வந்தவர் டம்ளரை வேறு மாதிரி அடுக்குவார். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.